டச்-அப் பெயிண்ட் வச்சு சொதப்பியாச்சா? அதை எப்படி சரி பண்றது

என் கதையை முதல்ல சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் இவ்ளோ பயமுறுத்தறேன்னு புரியும். கார் பானெட்ல கல்லு தெறிச்சு கடுகு சைஸ்ல பெயிண்ட் உதிர்ந்து ஒரு சிப். டச்-அப் பாட்டில் (இந்த மாதிரி சிப்பை மறைக்க வண்டி கலர்லயே வர்ற சின்ன பெயிண்ட் பாட்டில்) மூடியிலயே இருக்கற பிரஷ்ஷை அப்படியே எடுத்து ஒரு சொட்டு வச்சேன், அது மிளகு சைஸ்ல பரு மாதிரி உப்பி நின்னுச்சு. பத்து நிமிஷம் கழிச்சு விரலால அமுக்கலாம்னு போனேன், மேல ஆடை கட்டியிருந்தது சுருங்கி இழுத்துட்டு வந்துச்சு. கடுப்புல வீட்ல கிடந்த 400 நம்பர் உப்புத்தாளை எடுத்து தண்ணி கூட தொடாம தேய்ச்சேன். கடுகு சைஸ் சிப்புக்கு உள்ளங்கை சைஸ்ல கீறல். இதுல எந்த ஸ்டேஜ்ல நீங்க நிக்கறீங்கன்னு மட்டும் பாத்துக்கோங்க, மேற்கொண்டு எதையும் தொடாதீங்க இப்போதைக்கு.

ஏன்னா அங்க வேலை செய்ய இடமே ரொம்ப கம்மி. கம்பெனி பெயிண்ட்ல தகரத்து மேல ப்ரைமர், அதுக்கு மேல கலர், அதுக்கு மேல கிளியர் கோட்னு (நிறமில்லாத பளபளப்பு பூச்சு) எல்லாம் சேர்த்தே சுமாரா 100லேர்ந்து 150 மைக்ரான்தான் இருக்கும், அதுல கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியை விட மெலிசு. நாம வச்ச சொட்டு அதை விட பல மடங்கு உயரம். அதனால சொட்டை குறைக்கணும், சுத்தி இருக்கறதை தொடக்கூடாது, மொத்த வேலையும் இதுதான்.

பெயிண்ட் இப்பதான் வச்சீங்க, இன்னும் ஈரம்னா சுலபம். துணியில கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு உடனே துடைச்சு எடுத்துட்டு, காய விட்டு, திரும்ப ஆரம்பிங்க. ஆனா பாதி காஞ்ச நிலையில, நான் கை வச்சேனே அந்த ஸ்டேஜ்ல, சும்மா விட்ருங்க. எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, ஒரு வாரம் காயட்டும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பிசுபிசுன்னு இருக்கும், அதை தேய்ச்சா மொத்தமா பிடுங்கிட்டு வரும்.

காஞ்ச பருவை எடுக்க ரெண்டு வழி இருக்கு. எனக்கு பிடிச்சது தின்னர் வழி. கம்பெனி பெயிண்ட் சூட்டுல வேகவச்சு இறுக்கினது, லேசா தின்னர் பட்டா சட்டுன்னு கரையாது; பாட்டில்ல வர்ற சாதாரண டச்-அப் பெயிண்ட் பெரும்பாலும் ஆவியாகியே காயறது, அதனால தின்னர் பட்டா திரும்ப இளகிடும். இந்த வித்தியாசத்தைத்தான் நாம யூஸ் பண்ணிக்கறோம். பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை மேல மெலிசான காட்டன் துணியை சுருக்கம் இல்லாம இறுக்கி சுத்தி, ஈரம் தெரியற அளவுக்கு மட்டும் லாக்கர் தின்னர் தொட்டு, பரு மேல ஒரே பக்கமா லேசா ஒரு இழுப்பு, துணியை மாத்தி இன்னொரு இழுப்பு. அட்டை தட்டையா இருக்கறதால மேடு மட்டும்தான் துணியில வரும், பள்ளத்துக்குள்ள இருக்கற பெயிண்ட் அப்படியே நிக்கும். வெறும் விரல்ல துணி சுத்தி பண்ணா விரல் பள்ளத்துக்குள்ள இறங்கி எல்லாத்தையும் வழிச்சிடும், அது வேற தலைவலி. முதல்ல கண்ணுக்கு தெரியாத ஒரு ஓரத்துல டெஸ்ட் பண்ணிடுங்க, ஏற்கனவே ரீபெயிண்ட் பண்ண வண்டின்னா இந்த வழியே வேண்டாம், பிளாஸ்டிக் பம்பர்லயும் வேண்டாம். காத்தோட்டமான இடம், கையில கிளவுஸ், பக்கத்துல நெருப்பு எதுவும் இருக்கக்கூடாது.

தின்னருக்கு அசையலைன்னா வாட்டர் பேப்பர்தான், அதாவது தண்ணி தொட்டு தேய்க்கற உப்புத்தாள். பருவுக்கு 2000 நம்பருக்கு கீழ போகாதீங்க, நம்பர் குறைய குறைய சொரசொரப்பு அதிகம். பேப்பரை சின்ன வட்டமா வெட்டி பென்சில் பின்னாடி இருக்கற ரப்பர்ல ஒட்டிக்கோங்க, பருவை சுத்தி ரெண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க, சோப்பு தண்ணி விட்டு விட்டு பரு மேல மட்டும் தேய்ங்க, பத்து தடவை தேய்ச்சா ஒரு தடவை துடைச்சு பாருங்க. மேடு டேப் உயரத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துட்டு 2500, அப்புறம் 3000. பரு கரையறப்ப தண்ணியில கலர் வரத்தான் செய்யும், அதுக்கு பதறாதீங்க. ஆனா பக்கத்து பெயிண்ட்லேர்ந்து வெள்ளையா பால் மாதிரி தண்ணி வந்தா அது கிளியர், அங்கிருந்தே வண்டி கலர் வர ஆரம்பிச்சா கிளியர் போயிடுச்சுன்னு அர்த்தம், அந்த செகண்ட் நிறுத்திடுங்க (கிளியரே இல்லாத பழைய ஒத்தை கோட் பெயிண்ட்னா எப்பவுமே கலர்தான் வரும், அது வேற கணக்கு). பாடி லைன், கதவு விளிம்பு மாதிரி மடிப்பு இருக்கற இடத்துல பெயிண்ட் இன்னும் மெலிசு, அங்க பேப்பரே வேண்டாம்.

தேய்ச்சு முடிச்சதும் அந்த இடம் புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி மங்கி கிடக்கும், அய்யோ போச்சேன்னு நெஞ்சு ஒரு நிமிஷம் நிக்கும். ஒண்ணும் ஆகல. ரப்பிங் காம்பவுண்ட் கொஞ்சம், மைக்ரோஃபைபர் துணி, கையாலயே தேய்ங்க, அப்புறம் ஃபைன் பாலிஷ், பளபளப்பு திரும்ப வந்துடும். நான் 400ல போட்ட கீறலையும் இப்படித்தான் 1500, 2000, 3000னு படிப்படியா போய் பாதிக்கு மேல எடுத்தேன். நகம் வச்சு இழுத்தா மாட்டற ஆழமான கீறல் மூணு இன்னும் இருக்கு, அதை துரத்திட்டு போனா கிளியர் காலி ஆகிடும்னு விட்டுட்டேன்.

துடைச்சதுல பள்ளம் திரும்ப தெரிஞ்சா அது நல்ல செய்திதான், இந்த தடவை ஒழுங்கா நிரப்பலாம். ஆனா உள்ள பழுப்பா துரு தெரிஞ்சா முதல்ல அதை ஊசி முனையால சுரண்டி எடுத்து, ரஸ்ட் கன்வர்ட்டர் (துரு மேல தடவி அதை நிறுத்தற திரவம்) வச்சு, காஞ்சதும் ஒரு புள்ளி ப்ரைமர் வச்சுட்டுதான் கலர். துரு மேலயே கலர் வச்சா கொஞ்ச நாள்ல உள்ளேர்ந்து உப்பிட்டு வரும். பாட்டில் பிரஷ்ஷை தூக்கி போடுங்க, பல்குச்சி முனையே போதும். பாட்டிலை நல்லா ரெண்டு நிமிஷம் குலுக்குங்க, மெட்டாலிக் கலர்னா இன்னும் அதிகமா, ஏன்னா அந்த மினுக்கு தூள் அடியில தங்கிடும், குலுக்காம வச்சா திட்டு திட்டா கருப்பா தெரியும். பள்ளத்தோட நடுவுல ஒரு துளி, அது தானா ஓரத்துக்கு பரவும். பெயிண்ட் காஞ்சா சுருங்கும், அதனால ஒரே மூச்சுல ரொப்பாம மெல்லிசா மூணு நாலு தடவை, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல சில மணி நேரம் விட்டு. வண்டி வெயில்ல சுட்டுட்டு இருக்கும்போதும் பண்ணாதீங்க, மழை ஈரத்துலயும் பண்ணாதீங்க, ஈரத்துல பண்ணா பெயிண்ட் வெளுத்து மங்கிடும்.

கலரே ஒத்து போகலைன்னா எவ்ளோ தேய்ச்சும் பிரயோஜனம் இல்ல. பெரும்பாலான வண்டியில கதவு ஓரத்துலயோ பானெட்டுக்கு அடியிலயோ ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயோ தகட்டுலயோ பெயிண்ட் கோடு (கலரோட குறியீட்டு எண்) இருக்கும், அந்த கோடை பாத்து வாங்குங்க, வெள்ளைதானேன்னு ஏதோ ஒரு வெள்ளையை வாங்கிடாதீங்க, வெள்ளையிலயும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். கோடு சரியா இருந்தும் பல வருஷம் வெயில்ல நின்ன வண்டியில லேசா ஷேடு மாறும், அதை ஒண்ணும் பண்ண முடியாது.

கலர் காஞ்சதும் மேல ஒரு துளி கிளியர், திரும்ப ஒரு வாரம், அப்புறம் 3000, பாலிஷ். வேக்ஸ் மட்டும் ஒரு மாசம் கழிச்சு போடுங்க, பெயிண்ட்டுக்குள்ள இருக்கற தின்னர் ஆவியாகி முழுசா வெளிய போகணும். கிளியர் தாண்டி உள்ளங்கை சைஸ்ல ப்ரைமரே தெரியுதுன்னா இது எதுவும் வேலைக்கு ஆகாது, அந்த பேனலை பெயிண்டர்கிட்ட விட்ருங்க, போறதுக்கு முன்னாடி எத்தனை நம்பர் பேப்பர் போட்டீங்கன்னு அவர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, கீறல் எவ்ளோ ஆழம்னு அதை வச்சுதான் அவர் கணக்கு போடுவார்.