வாளிக்குள் விழுந்த தேரையைக் காப்பாற்றுவது எப்படி?

போன வாரம் எங்கள் புளோக்கின் கீழே, தரை துடைத்த வாளிக்குள் ஒரு தேரை கிடந்தது. சோப்புத் தண்ணீர். ஏறுவதும் சறுக்கி விழுவதுமாக இருந்தது, தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது. பக்கத்து வீட்டுப் பையன் என் கையைப் பிடித்து, "ஆன்ட்டி, நாமளே வளர்க்கலாமா?" என்றான். காணொளிகளில் சலமாண்டர் (பல்லி போல வாலுள்ள, தவளை இனத்தின் உறவு) வளர்ப்பதைப் பார்த்திருக்கிறான். சிங்கப்பூர்க் காடுகளில் சலமாண்டர் கிடையாது. நமக்கு எதிர்ப்படுவது தேரையும் தவளையும்தான். தோல் விஷயத்தில் மட்டும் மூன்றும் ஒன்றுதான்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகவே உறிஞ்சும். சோப்பு, கிரீம், கைச் சுத்திகரிப்பான் எதுவானாலும் அப்படியே உள்ளே போய்விடும். அதனால் முதலில் கையை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், துடைக்காதீர்கள். ஈரக் கையால், வயிற்றுக்கு அடியில் தாங்கி எடுங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள மேட்டை அழுத்த வேண்டாம், அது நச்சுச் சுரப்பி. தொட்டால் மரு வரும் என்பது வீண் பயம். ஆனால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆகவேண்டும்.

அடுத்து, சோப்பு போக அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோராமின் இருக்கிறது. அது தேரைக்கு ஆகாது, ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் போகாது. மினரல் வாட்டர் நல்லது.

உடனே வெளியே விட முடியாத அளவுக்குச் சோர்ந்திருந்தால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை விரித்து, இருட்டான இடத்தில் வையுங்கள். ஆழமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூழ்கிவிடும். சாப்பாடு வேண்டாம். கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் ஒரு ராத்திரி பார்த்துக்கொள்வான்.

காயம் இருந்தால், அல்லது எலிப் பசைத் தாளில் ஒட்டியிருந்தால், நீங்களே பிய்க்காதீர்கள், தோல் கிழிந்துவிடும். சுற்றியுள்ள பசையை டிஷ்யூவால் மூடிவிட்டு காட்டுயிர்களை மீட்கும் ஏக்கர்ஸ் (ACRES) அமைப்பை 9783 7782 எண்ணில் அழையுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் எண் 1800-476-1600.

வளர்க்கும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் அனுமதியில்லாமல் காட்டுயிரைப் பிடித்து வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நல்லது செய்வதாக நினைத்து நீர்த்தேக்கத்துக்கோ காட்டுக்கோ கொண்டுபோய் விடுவதும் தவறு. கிடைத்த இடத்துக்குப் பக்கத்துப் புல்தரையே அதன் வீடு.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் டப்பாவைச் செடி ஓரமாகச் சாய்த்து வைத்தோம். பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். பத்து நிமிடம் அது அசையவேயில்லை. அப்புறம் ஒரு கால், இன்னொரு கால், ஒரு தாவல். இலைக்கடியில் மறைந்துவிட்டது.