எடையைக் குறைக்கிறேன் பேர்வழி: முதல் வலுதூக்கும் போட்டியில் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு மாவட்டப் போட்டிக்கு எங்கள் ஜிம் பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலு பேருக்கும் அதுதான் முதல் மேடை. காலை 6 மணி. எடை பார்க்கும் அறைக்கு வெளியே, வேறு ஜிம்மைச் சேர்ந்த பையன் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எடையைக் குறைக்கக் காலி தண்ணீர் பாட்டிலில் எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தான். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது. எச்சில்கூட ஒழுங்காக வரவில்லை. நூல் மாதிரி இழுத்துக்கொண்டு பாட்டில் வாயிலேயே தொங்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் என்னை யாராவது படம் எடுத்திருந்தால் அச்சு அசலாக இப்படித்தான் இருந்திருக்கும்.

அந்த எரிச்சலில் எழுதுகிறேன். நன்றாகத் தூங்குங்கள், புது ஷூவோடு போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம், விட்டுவிடலாம். தெரியாதவர்களுக்காக ஒன்று மட்டும்: பளுதூக்குதல் வேறு, வலுதூக்குதல் வேறு. இது ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது). ஒவ்வொன்றிலும் 3 அட்டெம்ப்ட். மூன்றிலும் உங்களுடைய சிறந்த எடையைக் கூட்டினால் வருவது டோட்டல். ஏதாவது ஒன்றில் மூன்று அட்டெம்ப்டும் போச்சென்றால் டோட்டலே கிடையாது. அதற்குப் பெயர் பாம்ப் அவுட். கீழே சொல்லும் விதிகள் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஎஃப்பின் விதிகள்.

கட்டளைக்குக் காத்திருக்கப் பழகாமல் போவது

பெஞ்சில் ரெஃப்ரி 'ஸ்டார்ட்' சொன்னபின் பாரை இறக்க வேண்டும். அது நெஞ்சில் அசையாமல் நின்றபின் 'பிரஸ்' வரும். தூக்கி முடித்தபின் பாரைத் தாங்கியில் வைக்கச் சொல்லி 'ரேக்'. ஜிம்மில் நாம் செய்வது என்ன? நெஞ்சில் பட்டதும் பந்து மாதிரி எழும்பும். அப்படியே நாலு மாதம் பழகிவிட்டு மேடையில் மட்டும் காத்திருப்பேன் என்றால் உடம்பு கேட்காது. எங்கள் பையன் ஒருவன் 90 கிலோவை அப்பளம் மாதிரித் தூக்கினான், 'பிரஸ்' வருவதற்கு முன்னால். மூன்று சிவப்பு விளக்கு, செல்லாது. இறங்கி வந்து, "அண்ணா, தூக்கிட்டேன்ல?" என்கிறான்.

கடைசி ஆறு வாரமாவது பக்கத்தில் ஒருவரை நிறுத்திக் கட்டளை சொல்லச் சொல்லுங்கள். அவர் சில நேரம் சீக்கிரம் சொல்லட்டும், சில நேரம் வேண்டுமென்றே இழுக்கட்டும். ஸ்குவாட்டில் 'ஸ்குவாட்', 'ரேக்' என்று இரண்டு. டெட்லிஃப்ட்டில் ஒன்றே ஒன்று, 'டவுன்'. அந்த ஒன்றுக்குப் பொறுமையில்லாமல் பாரை இறக்கிவிட்டு விழிக்கிறவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் உண்டு.

ஜிம் பிளேட்டை நம்புவது

எங்கள் ஜிம்மின் 20 கிலோ பிளேட்டுகளை ஒருநாள் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்று 18.6. இன்னொன்று 20.9. போட்டியில் பார் 20 கிலோ, பிளேட் நழுவாமல் இரண்டு பக்கமும் மாட்டும் காலர் தலா 2.5. ஆக, வெறும் பாரே 25 கிலோவில்தான் ஆரம்பிக்கும். ஜிம்மில் கிளிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்குவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு அப்போது 22 வயது. எடை 76.2 கிலோ. ஆண்கள் பிரிவில் 66-க்கு மேல் 74 வரை ஒன்று, 74-க்கு மேல் 83 வரை அடுத்தது. ஜிம்மில் மூத்த அண்ணன் ஒருவர், "83-ல எல்லாம் கடோத்கஜன் மாதிரி ஆளுங்க நிப்பாங்கடா. ரெண்டு கிலோதானே, 74-ல இறங்கு. மெடல் உனக்குத்தான்" என்றார். எனக்கும் அது பெரிய ராஜதந்திரமாகப் பட்டது.

ஒரு வாரம் சோறு இல்லை. கடைசி இரண்டு நாள் தண்ணீர் இல்லை. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். அம்மா கீழேயிருந்து, "எவன்டா அது, மழையே இல்லாம கோட்டு போட்டுட்டு குதிக்கிறது?" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. காலையில் தராசில் 73.9. கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் ஒன்றரை லிட்டர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, எதிர் ஓட்டலில் நெய்ப் பொங்கல் இரண்டு பிளேட், கூடவே வடை. சாப்பிட்டு முடித்தபோது ஸ்குவாட்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த வயிற்றின்மேல் பெல்ட்டை இறுக்கினால் என்ன ஆகும்? முதல் அட்டெம்ப்ட் 150. ஜிம்மில் மூன்று தடவை உட்கார்ந்து எழும் எடை. எழுந்துவிட்டேன், ஆனால் ஆழம் போதவில்லை. இடுப்பு மூட்டுப் பக்கத் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை. இரண்டாவதில் கீழே போனேன், தொடை பிடித்துக்கொண்டது, பாதியிலேயே நின்றுவிட்டேன். மூன்றாவதில் பாரைத் தோளில் வாங்கிப் பின்னால் இரண்டு அடி வைத்ததும் கண் இருட்டியது. முடிந்தது கதை.

சரி, போனது போகட்டும் என்று கேலரியில் உட்கார்ந்து 83 பிரிவைப் பார்த்தேன். அங்கேதான் வயிறு எரிந்தது. மொத்தமே மூன்று பேர். மூன்றாவது ஆளின் டோட்டல் 427.5. என் ஜிம் கணக்கு 465. பிளேட்டில் 20 கிலோ பொய் என்று கழித்தாலும் வெண்கலம் என்னுடையது. பொங்கலை முந்தின இரவே சாப்பிட்டுவிட்டு 83-இல் நின்றிருக்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், இரண்டு நாளில் இறங்கும் இரண்டு கிலோ கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர். யூடியூபில் எடை குறைத்துக் காட்டுகிற குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பெரும்பாலும் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். உடம்பைத் தேற்ற ஒரு முழு நாள் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. போட்டி தொடங்க 2 மணி நேரம் இருக்கும்போது எடை பார்க்க ஆரம்பித்து, ஒன்றரை மணி நேரம் பார்ப்பார்கள். வரிசையில் கடைசி என்றால் உங்களுக்கு மிஞ்சுவது அரை மணி. இழந்த இரண்டு லிட்டரை அதற்குள் குடித்துவிடலாம், உடம்பு எடுத்துக்கொள்ளாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் அதிகம் என்று வெளியேற்றப்பட்டாரே, அதற்குப் பிறகாவது நம் பையன்களுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன். அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: "கடைசி 100 கிராமை எப்படி இறக்குறது அண்ணா?" அது ஒலிம்பிக் இறுதி. இது கல்யாண மண்டபத்தில் நடக்கும் மாவட்டப் போட்டி. 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சில வார இடைவெளியில், இப்படி வியர்த்து எடை குறைக்கப் போய்ச் செத்தே போனார்கள். நீர் பிரிய மாத்திரை போடலாமா என்று கேட்கிறவனும் இருக்கிறான். அது இதயத்தோடு விளையாடுவது. அதோடு, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் அந்த வகை மாத்திரைகளும் இருக்கின்றன.

இன்னொரு அரைகுறை ஞானம் உண்டு. ஒரே டோட்டல் வந்தால் உடல் எடை குறைந்தவருக்குத்தான் மேல் இடம் என்பார்கள். விதி உண்மைதான். ஆனால் டோட்டலே இல்லாதவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?

அந்த எச்சில் பையன் 66-இல் எப்படியோ நுழைந்துவிட்டான். டெட்லிஃப்ட்டில் பாரைப் பிடித்துக் குனிந்தவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒன்பது பேரில் ஏழாவது. அவன் கோச் தோளில் தட்டி, "வெயிட் மேக் பண்ணிட்ட பார், அதான் பெரிய விஷயம்" என்கிறார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

முதல் போட்டிக்கு எந்த எடையில் இருக்கிறீர்களோ அந்தப் பிரிவில் நில்லுங்கள். எல்லைக் கோட்டுக்கு அரை கிலோ மேலே இருந்தால், முந்தின இரவு ஊறுகாய், அப்பளம், பரோட்டா வேண்டாம். காலையில் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். அதிலும் இறங்கவில்லையென்றால் மேல் பிரிவு. அப்புறம், எடை பார்த்து முடித்ததும் இட்லி, வாழைப்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பொங்கல் பரிசளிப்புக்குப் பிறகு.

முதல் அட்டெம்ப்டை வீராப்புக்கு எழுதிக்கொடுப்பது

அசதியான நாளிலும் மூன்று தடவை தூக்கும் எடையை எழுதுங்கள். தவறவிட்டால் அடுத்ததற்கு எடையை இறக்க முடியாது.

அடுத்த எடையைச் சொல்ல மறப்பது

ஒரு நிமிடம்தான் தருவார்கள். சொல்லாவிட்டால், தூக்கியவருக்கு 2.5 கிலோ ஏற்றிவிடுவார்கள். தவறவிட்டவருக்கு அதே எடை.

நீள சாக்ஸ் இல்லாமல் போவது

டெட்லிஃப்ட்டுக்குக் கட்டாயம். இரண்டு ஜோடி.

வார்ம்-அப்பைச் சீக்கிரம் முடித்துவிடுவது

பயத்தில் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கடைசி செட் வரை போய்விட்டு, பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போகிறார்கள். உங்கள் குழுவில் 12 பேர் இருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 12 நிமிடம். உங்களுக்கு முன் இன்னொரு குழு இருந்தால் மூன்று சுற்றுக்கு 36 நிமிடம். அந்தக் கணக்கைப் போட்டுப் பின்னாலிருந்து வாருங்கள். கடைசி வார்ம்-அப், உங்கள் பெயரைக் கூப்பிடுவதற்கு ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது. உள்ளே ஒரே பாரைப் பத்துப் பேர் பங்கு போடுவீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு செட்தான் தம்பி" என்கிற ஆள் நாலு செட் போடுவார்.

பவுடர்

டெட்லிஃப்ட்டில் பார் தொடையில் வழுக்கி ஏறுவதற்காகக் குழந்தைப் பவுடர் பூசலாம், அனுமதி உண்டு. ஆனால் வேறு யாரையாவது பூசிவிடச் சொல்லுங்கள். எங்கள் நாலு பேரில் கடைசிப் பையன், நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், தன் இரண்டு கையாலும் தொடை முழுக்க அப்பிக்கொண்டு மேடையேறிவிட்டான். 170 கிலோ முழங்கால் வரை வந்தது, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, பார் தொப்பென்று விழுந்தது. இறங்கி வந்தவன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல், பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் பொடியைத் தேடிப் போனான்.