மூட்டையில் வந்த பியட் டாக்ஸியைக் கூட்டுவது எப்படி

மும்பை சயான் கோலிவாடாவில் எனக்கு ஒரு சின்ன கராஜ். 1970-ல் பதிவான பியட் 1100டி டாக்ஸி ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. வண்டியாக வரவில்லை. சக்கரம் இல்லாத ஒரு கூடு, கூடவே பதினான்கு மூட்டை. தாராவியில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் 1996 வரை ஓட்டிய வண்டி. பிறகு யாரோ புதுசாக்கித் தருகிறேன் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப்போட்டு, பாதியிலேயே இடத்தைக் காலி செய்துவிட்டார். ஓட்டியவரும் காலமாகிவிட்டார். அவர் மனைவிதான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எந்த மூட்டையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு ஆணியைக்கூட நான் வெளிய போடல." அந்த அக்கா சொன்னது உண்மை. அந்த வண்டியை நிமிர்த்த முடிந்ததற்கு முதல் காரணமும் அதுதான்.

இப்படிப் பிரித்துப்போட்ட வண்டி உங்களிடம் வந்தால், முதல் மூன்று வாரம் ஸ்பேனரைத் தொடாதீர்கள். தரையில் சுண்ணாம்பால் வண்டியின் உருவத்தைப் பெரிதாக வரையுங்கள். ஒவ்வொரு சாமானும் வண்டியில் எங்கே இருக்குமோ அந்த இடத்தில் வையுங்கள். எங்கே சேரும் என்று தெரியாததெல்லாம் தனியாக ஒரு ஓரத்தில். நாள் போகப் போக அந்த ஓரம் காலியாகும். கடைசியில் மிஞ்சுவதுதான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய சாமான். இப்படிப் பரப்பினால்தான் இல்லாதது எது என்று தெரியும். எனக்கு ஒரு பின் பிரேக் டிரம்மும், கியர் லீவரின் லிங்க் ஒன்றும் இல்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

போல்ட்டுகளில் கவனம் வேண்டும். பியட் முழுக்க மில்லிமீட்டர் மரை. அம்பாசிடர் போல்ட்டு அங்குலக் கணக்கு. கராஜில் கீழே கிடக்கும் பழைய போல்ட்டை எடுத்துத் திருகினால் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரை போய்விடும். எஞ்சின் சாமானில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் தொப்பியும் ஒன்றாகக் குடையப்பட்ட ஜோடி. பக்கவாட்டில் எண் அடித்திருக்கும். எண் பார்த்து ஜோடி சேர்த்துக் கம்பியால் கட்டி வையுங்கள். மெயின் பேரிங் தொப்பிகளும் அப்படித்தான், இடம் மாறினால் கிராங்க் பிடித்துக்கொள்ளும்.

சாமான் வாங்குவது இப்போது கொஞ்சம் சுலபம், கொஞ்சம் கஷ்டம். 1100டி-யின் தம்பியான பத்மினியில் கடைசி டாக்ஸி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் 2003 அக்டோபர் 29-ல் பதிவானது. மும்பை டாக்ஸிக்கான இருபது வருட வரம்பு முடிந்ததால் 2023 அக்டோபரோடு அந்த வண்டிகள் டாக்ஸியாக ஓடுவது நின்றுவிட்டது. உடைத்த வண்டிகளின் பாகங்கள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டிலும் சோர் பஜாரிலும் கிடைக்கும். பத்மினியின் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான் 1100டி-க்குப் பெரும்பாலும் பொருந்தும். முன் கிரில், விளக்கு, டேஷ்போர்டு மாறும். பழைய இரும்பை வாங்கலாம், பழைய ரப்பரை ஒருநாளும் வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர், எஞ்சின் மவுன்ட், கண்ணாடி பீடிங் எல்லாம் புதுசுதான்.

இனி கூடு. இந்த வண்டிக்குத் தனியாக சாசி கிடையாது, கூடுதான் சாசி. அதனால் துரு பார்ப்பது வெறும் அழகு வேலை இல்லை. மும்பை மழையில் முதலில் போவது தரை. அடுத்து கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கித் தரை. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், செத்த தகடு மொத்தென்று கேட்கும். கருப்பாகப் பூசியிருக்கும் தாரை நம்பாதீர்கள், சுரண்டிப் பாருங்கள்.

நிறைய பேர் தவறு செய்யும் இடம் இதுதான்: தரை போய்விட்டது என்று முழுசாக வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய நிமிடமே கூடு நடுவில் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. பெயின்ட் அடித்துக் கதவை மாட்டும்போதுதான் தெரியும். அதனால் வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரப் பைப்பை வெல்ட் செய்து பிடித்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்து சுவரில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்கள். அதை முடித்து, பைப்பை எடுத்துவிட்டுக் கதவை மாட்டிப் பாருங்கள். கதவு தூக்காமல் மூடினால் அடுத்த பக்கம். நான் ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் வெட்டவில்லை. தரை வேலைக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது.

டிங்கரிங்கின்போது நான் செய்த தவறையும் சொல்கிறேன். டேஷ்போர்டு தகட்டில் நாலைந்து ஓட்டை இருந்தது. எல்லாவற்றையும் வெல்ட் வைத்து அடைத்து வழவழப்பாக்கிவிட்டேன். அக்கா வந்து பார்த்தார். விரலால் தடவி, "இங்க ஒரு ஓட்டை இருந்துச்சே தம்பி, காலையில ஊதுபத்தி சொருகுவாரே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்ஸியில் இருக்கும் ஓட்டையெல்லாம் பழுது இல்லை. மீட்டர் தாங்கி, கேரியர், ரேட் அட்டை மாட்டும் கிளிப், சாமி படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை. எதையும் அடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள், ஓட்டியவர் வீட்டில் கேளுங்கள். கம்பெனியிலிருந்து வந்த பியட் வேறு எங்காவது இருக்கும். ஸ்டாண்டில் நின்று ஓடிய இந்த வண்டி ஒன்றே ஒன்றுதான். அந்த ஓட்டையை மறுபடி போட்டேன்.

பெயின்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: கண்ணாடி, கைப்பிடி, பம்பர், பானெட், விளக்கு. மாட்டி, சரிபார்த்து, மறுபடி கழற்ற வேண்டும். அலுப்பாக இருக்கும். கறுப்புப் பெயின்ட் காய்ந்த பிறகு மட்கார்டில் டிரில் போடும் வேதனையை நினைத்தால் இந்த அலுப்பு ஒன்றுமே இல்லை.

எஞ்சின் 1089 சிசி. சிலிண்டரின் குறுக்களவான போர் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75 மில்லிமீட்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் ஹெட் வளையும், அதுதான் இந்த எஞ்சினின் பலவீனம். ஹெட்டின் அடியில் நேர் சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் பாருங்கள். தண்ணீர் போகும் துளைகளின் ஓரத்தில் அலுமினியம் அரித்துப்போயிருக்கும். கேஸ்கெட் உட்காரும் விளிம்பு வரை அரிப்பு வந்திருந்தால் வெல்ட் நிரப்பி மட்டம் எடுக்க வேண்டும். லேத்துக்காரரிடம் கொடுக்கும்போது எத்தனை குறைவாக எடுக்க முடியுமோ அத்தனை போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கூட்டும்போது ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேரிங் தொப்பியை இறுக்கிய பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று கனத்தால் கடைசியாக இறுக்கியதில்தான் கோளாறு, தேட வேண்டிய அவசியமே இல்லை. டைமிங் புள்ளி சேர்ந்ததும் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி சரிபாருங்கள். சிலிண்டர்கள் எரியும் ஃபயரிங் வரிசை 1-3-4-2.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பிரேக் எண்ணெய்க் குழாயில் இருக்கும் காற்றை, மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து எடுக்கத் தொடங்குங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் புஷ்ஷில் கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். கியர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால் லிங்க் புஷ் எல்லாம் புதுசு போட்டால்தான் கியர் சரியாக விழும். கிடைக்காத அந்த ஒரு லிங்க்கைப் பத்மினி ஒன்றிலிருந்து எடுத்தேன்.

வயரிங்கில் பழசைக் காப்பாற்ற முயல வேண்டாம், ஐம்பது வருட வயர் உள்ளே பச்சை பூத்திருக்கும். புதிதாகக் கட்டுங்கள். எனக்கு இங்கே ஒரு முழு நாள் போனது. சாவி போட்டால் ஸ்டார்ட்டர் முனகியது, சுற்றவில்லை. பேட்டரியை மாற்றினேன், ஸ்டார்ட்டரைக் கழற்றினேன். கடைசியில் பார்த்தால், எர்த் பட்டை உட்காரும் இடத்திலும் அழகாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். அந்த இடங்களை எமரித் தாளால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

டாக்ஸிக் கூரையின் மஞ்சளும் உடலின் கறுப்பும் எங்கே சந்திக்கும் என்று ஊகிக்காதீர்கள். கூரை ஓர பீடிங்குக்கு அடியில் சுரண்டினால் பழைய கோடு இருக்கும், அதையே பிடியுங்கள். மஞ்சளை முதலில் அடித்துக் காயவிட்டு, தாள் ஒட்டி மறைத்து, அப்புறம் கறுப்பு. கறுப்பு தகட்டின் மேடுபள்ளம் எதையும் மறைக்காது. பட்டியை மரக்கட்டையில் தாள் சுற்றித் தேயுங்கள். வெறும் கையால் தேய்த்தால் விரல் தடம்கூட அலையாகத் தெரியும்.

இந்த வண்டியின் மீட்டர், கொடி வைத்த பழைய இயந்திர மீட்டர். கியர் பாக்ஸிலிருந்து கேபிள் வழியாக ஓடும். டயர் அளவு மாறினால் மீட்டரும் பொய் சொல்லும், ஆகவே பழைய அளவு டயரே போடுங்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மீட்டர் காட்டும் பழைய தொகையைப் புதுக் கட்டணமாக மாற்றிச் சொல்லும் ரேட் அட்டையும் பக்கத்தில் இருக்கட்டும். அட்டை இல்லாமல் அந்த மீட்டருக்கு அர்த்தமே இல்லை.

காகிதம்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரும். கூட்டையும் எஞ்சினையும் மாற்றி அமைத்திருக்கக் கூடாது. அதனால்தான் வேறு எஞ்சின் சுலபமாகக் கிடைத்தும் நான் பழைய பிளாக்கையே ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றினேன். அப்படிப் பதிந்த வண்டியில் வாடகை ஓட்ட முடியாது, தினசரி சாலைக்கும் கொண்டுபோக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம்.

எஞ்சினை ஓடவிட்ட பிறகு முதல் சூடு இறங்கி முழுக்க ஆறியதும் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றுங்கள், எண்ணெயை வடிக்கும்போது காந்தத்தை வைத்துப் பாருங்கள். மினுமினுவென்று மெல்லிய தூள் வந்தால் பயமில்லை, பிஸ்டன் ரிங் படிகிறது. கையில் உறுத்தும் துணுக்கு வந்தால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றிவிடுங்கள்.