ஒன்பது துண்டும் ஒரு கையெழுத்தும்: கடல் கடந்த தோழிக்கு முதல் குயில்ட் கட்டம்

குயில்ட் என்பது துண்டுத் துணிகளை இணைத்து, மூன்றடுக்காகத் தைக்கும் போர்வை. அதைப் பழக வருகிறவர்கள் முதல் நாளே ஆசைப்படுவது டபுள் கட்டில் அளவுக்கு. அதுவும் வெளிநாட்டில் இருக்கும் தோழிக்குப் பரிசாக. வேண்டாம். தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். நடுவில் பஞ்சு வைத்த போர்வையைக் கோத்தகிரியிலிருந்து அனுப்பினால் தபால் செலவு துணி விலையைத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் சுங்கத் தீர்வை வேறு. எல்லாவற்றையும் விட, பதிலுக்கு அதே அளவில் ஒன்று தைத்தாக வேண்டுமே என்ற கடன் அவர் தலையில் விழும்.

நான் சொல்லித் தரப்போவது ஒற்றைக் கட்டம், அதாவது ஒன்பது சிறு சதுரங்களை மூன்றுக்கு மூன்றாகத் தைத்த ஒரு துண்டு. ஒன்பதரை இஞ்ச் சதுரம், நடுவில் உங்கள் கையெழுத்து, எடை ஏறத்தாழ பத்து கிராம். ஒரே துணியில் இரண்டு தையுங்கள். ஒன்று தோழிக்கு, ஒன்று உங்களுக்கு. அவரும் அப்படியே செய்யட்டும். மாதம் ஒரு தபால் என்று ஆறு மாதம் போனால் இரண்டு வீட்டிலும் பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்திருக்கும், ஆறு உங்களுடையவை, ஆறு அவருடையவை. மூன்றுக்கு நான்காக இணைத்தால், கட்டத்துக்கு அரை இஞ்ச் தையலுக்குள் போக, 27க்கு 36 இஞ்ச். மடியில் போட்டுக்கொள்ளவோ தொட்டில் பிள்ளைக்குப் போர்த்தவோ போதும். இரண்டு நாட்டில் ஒரே மாதிரி இரண்டு போர்வை!

கையெழுத்துப் போட்ட கட்டங்களை இணைக்கும் வழக்கம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1840களில் பரவியது. மேற்கே குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு உற்றார் ஆளுக்கொரு கட்டம் தைத்துப் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு முன்பிருந்த இரும்பு கலந்த மை, எழுதிய இடத்தில் துணியையே அரித்துவிடும். அரிக்காத மை 1830களில் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் பெயர் எழுதும் பழக்கம் பெருகியது. நமக்குப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் அடைத்து வைத்த பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் பெயரும் சின்னப் படமும் தைத்தார்கள். கனடாக்காரரான எத்தல் முல்வனியின் யோசனை அது. ஆண்கள் பக்கம் அடைபட்டிருந்த கணவன்மாருக்கு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்க அவர்களுக்குக் கிடைத்த வழி. குயில்ட்டுக்கு 66 சதுரம் வீதம் மூன்று குயில்ட்டுகள் உருவாயின. இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். இதனால்தான் கையெழுத்தில்லாத கட்டத்தைத் தபாலில் போட நான் யாரையும் விடுவதில்லை.

படி 1: கத்தரியைத் தொடுமுன் பேசிக்கொள்ளுங்கள்

அளவு, துணி, மாதம் இந்த மூன்றையும் எழுத்தில் பேசி முடியுங்கள். வாட்ஸ்அப் போதும். அளவை இஞ்சில் சொல்லுங்கள். சென்டிமீட்டர் நாடான ஆஸ்திரேலியாவில்கூட குயில்ட் தைப்பவர்கள் இஞ்சில்தான் பேசுவார்கள். தைத்து முடித்த கட்டம் ஒன்பதரை, போர்வையில் சேர்ந்த பிறகு ஒன்பது என்று இரண்டு அளவையும் குறிப்பிடுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அவர் ஒன்பதில் தைத்து அனுப்ப வாய்ப்பு உண்டு. துணி நூறு சதவீதம் காட்டன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெளிநாடு என்றதும் எல்லோரும் அமெரிக்கா, லண்டன் என்று போகிறார்கள். எங்கள் பக்கம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அட்டனிலும் நுவரெலியாவிலும் சித்தி மகள், மாமன் மகள் என்று இன்னும் இருக்கிறார்கள். தோழி கிடைக்கவில்லை என்று தேடுகிறவர்கள் முதலில் அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள். என்னோடு தைக்கும் ஒரு அக்கா அங்கிருக்கும் தன் தங்கை முறைக்காரிக்குத்தான் அனுப்புகிறார். இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம், இரண்டு பக்கமும் ஒரே குளிர். துணி பற்றிப் பேச அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

படி 2: துணி

மூன்று துணி வேண்டும். இரண்டு கலர், நடுச் சதுரத்துக்கு வெள்ளை. காட்டன் பாப்ளின் பழகுபவர்களுக்கு வசதி, வழுக்காது, இஸ்திரி நிற்கும். தையல்கடையில் கேட்டால் பிளவுஸ் வெட்டிய மீதித் துண்டு தருவார்கள். பாலியஸ்டர் கலந்திருந்தால் ஒதுக்குங்கள். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும், கலப்பு உருகி மணியாகத் திரளும். மதுரைச் சுங்குடி ஒரு கலராக வந்தால் அழகு. ஆனால் சாயத்தைச் சோதிக்காமல் வெட்டாதீர்கள்.

சோதனை எளிது. துணியில் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணி வைத்துச் சூடான அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணி இன்னும் சாயம் விடுகிறது. கல் உப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். கடைச் சாயத்துக்கு அது பெரிதாக உதவாது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி, அப்படியும் விடாத சிவப்பைக் கைவிடுங்கள். தோழியின் வெள்ளைக் கட்டத்தில் உங்கள் சிவப்பு இறங்கினால் அதற்குப் பிறகு மன்னிப்புக் கடிதம்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாத் துணியையும் முன்கூட்டியே அலசிவிடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். மலையில் இதற்குக் காலம் பார்க்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்கு மழையும் மேகமும். ஊட்டி, கூடலூர்க்காரர்களுக்கு ஜூனிலேயே தொடங்கிவிடும். கொடியில் இரண்டு நாள் ஈரத்தோடு கிடந்த துணியில் பூஞ்சை வாடை ஏறும், அந்த வாடை கடல் தாண்டியும் போகாது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் ஆறு மாதத் துணியையும் அலசி மடித்து வைத்துவிடுவது என் வழக்கம். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். சாம்பிராணிப் புகையும் ஆகாது. ஒவ்வாமை உள்ளவர் கையில் போய்ச் சேரலாம்.

படி 3: வெட்டுதல்

பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றை எடுத்து இரண்டு அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மூன்றரை இஞ்ச் சதுரம், மற்றது மூன்று இஞ்ச் சதுரம். மூலை செங்கோணமாக இருக்க கிராஃப் தாளில் வரைந்து ஒட்டி வெட்டுவது நல்லது. பெரிய அச்சு வெட்டுவதற்கு. சிறியது கையால் தைப்பவர்களுக்கு: வெட்டிய துண்டின் பின்பக்கம் அதை நடுவில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தால் தையல் கோடு கிடைத்துவிடும், சுற்றிலும் கால் இஞ்ச் மிஞ்சும்.

இரண்டு கட்டத்துக்கு ஒவ்வொரு கலரிலும் எட்டு, வெள்ளையில் இரண்டு. அதாவது கலருக்கு 28 இஞ்ச் நீளம், மூன்றரை அகலத்தில் ஒரு பட்டி. கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அச்சின் ஓரம் துணியின் இழையோடு ஒட்டிப் போகட்டும். குறுக்காக வைத்து வெட்டிய துண்டு இழுபடும்.

படி 4: தைத்தல்

முழு வேலையும் கால் இஞ்சில் இருக்கிறது. மிஷினில் தைப்பவர்கள் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள், பல மிஷினில் அது கால் இஞ்ச் இல்லை. கிராஃப் தாளை ஊசிக்கடியில் வைத்து, கால் இஞ்ச் தள்ளித் தட்டின்மேல் ஒரு டேப் ஒட்டுங்கள். துணி ஓரம் அந்த டேப்பை உரசிப் போனால் சரி. பதினான்காம் நம்பர் ஊசி, இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல்.

கையால் தைப்பவர்களுக்கு ஒன்பதாம் நம்பர் ஊசி, ஒற்றை நூல், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். பென்சில் கோட்டின் மேல் ரன்னிங் ஸ்டிச் போட்டு, ஐந்தாறு தையலுக்கு ஒரு முறை ஒரு பின்தையல் எடுங்கள். பிடி விடாது.

மூலைகள் நான்கும் முதல் கலர், பக்கங்கள் நான்கும் இரண்டாம் கலர், நடுவில் வெள்ளை. மேசையில் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டு வரிசையாக மூன்று மூன்றாகத் தையுங்கள். முதல் வரிசை முடிந்ததும் நிறுத்தி அளக்க வேண்டும். நீளம் ஒன்பதரை. ஒன்பதேகால் வந்தால் தையல் உள்ளே அதிகம் போயிருக்கிறது, டேப்பை நகர்த்துங்கள். மூன்று வரிசையும் தைத்த பிறகு அளந்து பயனில்லை.

இஸ்திரி போடும்போது தேய்க்காதீர்கள், தூக்கித் தூக்கி அழுத்துங்கள். முதல், மூன்றாம் வரிசைகளில் பின்பக்க மடிப்பு வெளிப்பக்கம் சாயட்டும், நடு வரிசையில் உள்பக்கம். அப்போது வரிசைகளை இணைக்கையில் மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்து உட்காரும், மூலைகள் தானாகப் பொருந்தும். குயில்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். விரல் நுனியில் ஒரு சின்ன 'டக்' தெரியும்.

படி 5: கையெழுத்து

தமிழில் போடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் கீழே அவர் மொழியில் சிறிதாக எழுதுங்கள். பெயர், ஊர், ஆண்டு போதும். பிக்மா மைக்ரான் போன்ற அழியாத பிக்மென்ட் பேனா வேண்டும், பால்பாயின்ட் சலவையில் பரவும். துணிக்கு அடியில் உப்புத்தாள் வைத்தால் நழுவாது. மை காய்ந்ததும் நீராவி இல்லாமல் அயர்ன் வைத்து அழுத்துங்கள். பேனா கிடைக்காவிட்டால் பென்சிலில் எழுதி அதன்மேல் பின்தையல். எனக்கு இதுவே பேனாவை விட மேல்.

நீலகிரி என்றதும் தோடர் பூ வேலையைப் பார்த்துத் தைத்து அனுப்ப ஆசை வரும். வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தோடர் பெண்களின் சொத்து. நாம் நகலெடுத்து அந்தப் பெயரில் அனுப்புவது தப்பு. வேண்டுமானால் அவர்கள் தைத்த ஒரு சிறு துண்டை விலைக்கு வாங்கிக் கட்டத்தோடு சேர்த்து அனுப்பலாம்.

படி 6: தபால்

இஸ்திரி போட்ட சூடு முழுக்க ஆறிய பிறகு தையல் வழியே மூன்றாக மடித்து ஜிப் கவரில் போடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே ஈரம் கோக்கும். துணி எந்த ஊருடையது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

துணி ஒரு பொருள். சாதாரண வெளிநாட்டுக் கடிதம் போல் தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட முடியாது. தபால் நிலைய கவுன்டரில் பொருள் என்று சொல்லிக் கொடுத்து, சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். 'கிஃப்ட்' என்று மட்டும் எழுதினால் போதாது, 'ஹேண்ட்மேட் காட்டன் பேட்ச்வொர்க் பிளாக்' என்று பொருளைச் சொல்லுங்கள். மதிப்பைப் பூஜ்யம் என்று போடாமல் உள்ளதைப் போடுங்கள். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு பிரிட்டனில் 39 பவுண்ட், ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, அமெரிக்காவில் 100 டாலர்வரை வரிவிலக்கு உண்டு. ஒரு கட்டம் இதன் கிட்டேகூட வராது. அமெரிக்கா 800 டாலர்வரை இருந்த பொது விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அனுப்பும் அன்று கவுன்டரில் கேட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்து விதி நமக்குக் கடுமை. வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுகளுக்கு இந்தியாவில் இருந்த தீர்வை விலக்கு 2019 டிசம்பரில் போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் விட்டு வைத்தார்கள். ஆகவே, கட்டத்தோடு சாக்லேட், வாசனைத் திரவியம் என்று சேர்த்து மதிப்பைக் கூட்ட வேண்டாம் என்று தோழியிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

நாமும் அப்படித்தான். ஊட்டிக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டினாலே யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில் சொருகக் கை போகும். அது எளிதில் தீப்பற்றும் திரவம், விமானத் தபாலில் ஆகாது. வர்க்கி தூளாகிப் போய்ச் சேரும், வழியில் எறும்பும் வரும். விதை, காய்ந்த பூ, இலை எதுவும் ஆஸ்திரேலியாவுக்கு வேண்டவே வேண்டாம்.

படி 7: அவருடைய கட்டம் வந்த பிறகு

அலசாதீர்கள், ஓரம் பிரிந்துவிடும். இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். சிறியதாக இருந்தால் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் இரண்டு இஞ்ச் பட்டி தைத்து, ஒன்பதரைக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள், பார்ப்பவருக்கு அது வடிவமாகவே தெரியும். பெரியதாக இருந்தால் நான்கு பக்கமும் சமமாகக் கழியுங்கள், கையெழுத்து நடுவில் நிற்க வேண்டும்.

பன்னிரண்டும் சேர்ந்ததும் உங்களுடையதும் அவருடையதும் மாறி மாறி வர இணைத்து விடலாம். அடியில் பழைய வேட்டி, நடுவில் பழைய ஃபிளானல் விரிப்பு, மேலே கட்டங்கள். அடித்துணியும் ஃபிளானலும் நான்கு பக்கமும் இரண்டு இஞ்ச் வெளியே நிற்கட்டும். சேஃப்டி பின் குத்தி, நடுவிலிருந்து வெளியே போகும்படி மூன்றடுக்கும் சேர ரன்னிங் ஸ்டிச் போடுங்கள். பிறகு மிஞ்சியதை வெட்டிவிட்டு ஓரப் பட்டி. சுற்றளவு 126 இஞ்ச், இணைப்புக்கும் மூலைக்கும் சேர்த்து 140 இஞ்ச் நீளத்தில் இரண்டரை இஞ்ச் அகலப் பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்ய வேண்டும். மூலையில் கால் இஞ்ச் முன்பாகவே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடக்கி மறுபடி கீழே இறக்கினால் மடிப்பு நேராக விழும். முதல் மூலை எல்லோருக்கும் கொஞ்சம் கோணும். அதைக் கால்மாட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.