“கர்த்தருக்குத்தான் வெளிச்சம்” என்று ஒருவர் குத்திச் சொன்னால்

சபைக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. காணிக்கை எண்ணுவது, ரசீது போடுவது, மாதக் கடைசியில் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசிப்பது என் வேலை. போன வருடம் ஒரு கூட்டத்தில் நான் வாசித்து முடித்ததும், என்னைவிட வயதில் மூத்த ஒரு சகோதரி எழுந்தார். “வாசிக்கிறவர்களை நம்பித்தானே நாம் உட்கார்ந்திருக்கிறோம். கர்த்தருக்குத்தான் வெளிச்சம்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களும் ஒன்றும் பேசவில்லை. யாரோ இருமினார்கள். நோட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தேன். அதன் அட்டை விளிம்பு உள்ளங்கையில் பதிந்த தடம் வீடு வந்து சேரும்வரை மறையவில்லை.

அன்றிரவு நான் செய்ததையும், செய்யாமல் விட்டதையும், அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். உங்களையும் யாராவது இப்படி நோகடித்திருந்தால், இதில் உங்களுக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காரியம், அன்றைக்கே பதில் அனுப்பாதீர்கள். நான் வாட்ஸ்அப்பில் பதினொரு வரி அடித்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் உண்மைதான்; ஒவ்வொன்றும் அவருக்கு வலிக்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்தது. “சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது” என்ற எபேசியர் 4:26ஐ நினைத்துக்கொண்டு, இன்றைக்கே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வசனம் தணியச் சொல்வது எரிச்சலை. வழக்கை இருட்டுமுன் முடித்துவிடச் சொல்லவில்லை.

அடித்ததை அழிக்கவும் மனம் வரவில்லை. அதனால் ஒரு தாளை எடுத்து, பதினொரு வரியையும் அதில் பார்த்து எழுதினேன். அதன்பிறகு போனில் இருந்ததை அழித்தேன். இதை நீங்களும் செய்து பாருங்கள். விரலால் அடிக்கும்போது தெரியாத கடுமை, பேனாவால் எழுதும்போது தெரியும். ஏழாவது வரியில் என் கை தானாக நின்றுவிட்டது. அதில் அவருடைய பிள்ளைகளை இழுத்திருந்தேன்.

தாளை ஏன் எடுத்தேன் என்றால், யூதாவின் எசேக்கியா ராஜா ஞாபகத்துக்கு வந்தார். அசீரியா ராஜாவாகிய சனகெரிப் அவரையும், அவர் நம்பின தேவனையும் இகழ்ந்து ஒரு நிருபம் அனுப்பினான். 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எசேக்கியா அதை வாங்கி வாசித்தார். பதில் எழுதவில்லை. ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். நான் என் தாளைக் கட்டிலின்மேல் விரித்து, சுருளாதபடி ஒரு முனையில் வேதாகமத்தை வைத்து, முழங்காற்படியிட்டேன்.

அங்கே எசேக்கியா செய்த ஜெபத்தின் வரிசையைக் கவனியுங்கள். நாம் செய்வதற்கு நேர் எதிரான வரிசை அது. நாம் முழங்காலில் நின்றதும் “ஆண்டவரே, அவள் என்ன சொன்னாள் தெரியுமா” என்று தொடங்குகிறோம். எசேக்கியா, நீர் ஒருவரே பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் தேவன், வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் நீர் என்று தொடங்குகிறார். அதற்கடுத்ததாகத்தான், செவிசாய்த்துக் கேளும், கண்திறந்து பாரும் என்கிறார். அதற்கும் பிறகுதான் நிருபத்தின் விஷயத்துக்கு வருகிறார். அசீரியருடைய சேனை மிரட்டிக்கொண்டிருக்கும்போது ஜெபித்த ஜெபம் இது. ஆபத்தைப் பேசுவதற்கு முன்னால், தான் யாரோடு பேசுகிறோம் என்பதை அவர் தன் வாயாலேயே சொல்லித் தன் காதால் கேட்டுக்கொள்கிறார். இந்த ஒரு மாற்றம்தான் எனக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. காயத்தில் தொடங்கினால் ஜெபம் முடிகிற வரைக்கும் காயமே வளர்கிறது.

எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 147ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மூன்றாம் வசனம்: இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்குகிறார், அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார். அடுத்த வசனமே: நட்சத்திரங்களின் இலக்கத்தை எண்ணி, அவைகளுக்கெல்லாம் பேரிட்டு அழைக்கிறார். எத்தனையோ தடவை வாசித்த சங்கீதம்தான். இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருப்பதாக வானியலார் கணக்கிடுகிறார்கள். பால்வீதியைப் போன்ற மண்டலங்களும் எண்ணி முடியாதவை. ஒவ்வொன்றையும் பேர்சொல்லிக் கூப்பிடுகிறவர், குனிந்து, துணியைச் சுற்றி, முடிச்சுப் போடுகிறார். காயம் கட்டுவது அருகே வந்தால்தான் முடிகிற வேலை. அத்தனை பெரியவருக்கு என் கூட்டத்தில் நடந்தது எம்மாத்திரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பெரியவராய் இருப்பதால்தான் எதுவும் அவருக்குச் சிறிதாகிக் கை நழுவிப் போவதில்லை.

அப்போதுதான் அந்தச் சகோதரி சொன்ன வார்த்தை எனக்கு வேறுமாதிரி கேட்டது. கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஆமாம், அது மெய். ஒன்பது வருடத்து ஒவ்வொரு ரசீதும் அவருக்கு வெளிச்சம். நான் ராத்திரி விழித்திருந்து எண்ணிச் சரிபார்த்ததும் வெளிச்சம். ஏழாவது வரியும் அவருக்கு வெளிச்சம்.

அடுத்தது, நடந்ததை நடந்தபடி கர்த்தரிடம் சொல்லுங்கள். “பரவாயில்லை ஆண்டவரே, ஒன்றும் இல்லை” என்று பூசி மெழுகாதீர்கள். எசேக்கியாவும் அசீரியர் தேசங்களைப் பாழாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொண்டே ஜெபித்தார். கணக்கு எழுதுகிறவள் என்பதால் எனக்கு மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமை தொகையோடுதான் மனதில் நிற்கிறது. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான்; ராஜா அதை முழுவதும் மன்னித்துவிட்டார். அவனுக்கு இன்னொருவன் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியிருந்தது. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, இரண்டாவது 100 நாள் கூலி. முதல் தொகையைப் பார்த்துப் பிரசங்கிக்கிறவர்கள் இரண்டாவதை ஒன்றுமில்லாதது போலப் பேசிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேலான சம்பாத்தியம் அது! உழைத்துப் பிழைக்கிறவனுக்கு அது பெரிய பணம். இயேசு அதைப் பூஜ்யம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு நடந்ததும் பூஜ்யம் அல்ல. ஒரு கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டுமானால், முதலில் அது கணக்கில் ஏறியிருக்க வேண்டும். ஏற்றாத கடனை யாராலும் தள்ள முடியாது. ஆகவே “எல்லார் முன்னாலும் என்னைத் திருடி என்று நினைக்க வைத்தார்” என்று நான் சத்தமாகச் சொன்னேன். அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு, எனக்கு மன்னிக்கப்பட்ட தொகையை நினைத்துக்கொண்டு, தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

பிறகு உங்களை நோகடித்தவருக்காக ஜெபியுங்கள். “அவரைத் திருத்தும்” என்று மட்டும் ஜெபிப்பது பெரும்பாலும் கோபத்தின் மறுவடிவம்தான். அவருக்கு என்ன தேவை என்று யோசியுங்கள். இந்தச் சகோதரிக்கு முழங்கால் வலி; படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் நிற்பார். நான்கு நாள் அந்த முழங்காலுக்காக ஜெபித்தேன். முதல் நாள் வெறும் வார்த்தைதான். நான்காம் நாள் உண்மையாகவே அவருக்கு வலி குறைய வேண்டும் என்று விரும்பினேன்.

அதற்குப் பிறகே போய்ப் பேசினேன். “நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில்” என்கிறது மத்தேயு 18:15. தனித்து என்றால் தனித்து. போதகரிடம் முதலில் சொல்வதும், ஜெபக்குழுவில் “ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்” என்று ஜாடை காட்டுவதும் இதில் சேராது. என்ன பேசுவது என்று தடுமாறினால், பிரதான ஆசாரியன் முன்னால் கன்னத்தில் அறையப்பட்டபோது ஆண்டவர் கேட்டதைப் பாருங்கள், யோவான் 18:23: “நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி; நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்.” அவர் திருப்பி அடிக்கவில்லை, வாயடைத்தும் நிற்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார். நானும் அப்படியே கேட்டேன். “அக்கா, அன்றைக்குக் கூட்டத்தில் நீங்கள் சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது. கணக்கில் எங்காவது சந்தேகம் இருந்தால் காட்டுங்கள், நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன்.” அவர் என் முகத்தைப் பார்க்காமல், “நான் உன்னைச் சொல்லவில்லையே” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டையும் திறக்கவில்லை.

இப்படியும் ஆகும். “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று பவுல் ரோமர் 12:18இல் எழுதியிருக்கிறார். உங்கள் பங்கு முடிந்தால், மீதி உங்கள் கையில் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்களை அடிக்கிறவர், மிரட்டுகிறவர், பிள்ளைகளைத் துன்பப்படுத்துகிறவர் ஒருவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். சவுல் ராஜா தன்மேல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினார். பின்னால் சவுலைக் கொல்லச் சமயம் வாய்த்தும் கை வைக்கவில்லை. ஆனால் 1 சாமுவேல் 26இல் அவர் பேசியது நடுவே மிகுந்த இடம் விட்டு, தூரத்து மலையுச்சியில் நின்று. சவுல் “திரும்பி வா” என்று அழைத்தும் அவரோடு போகவில்லை. பழிவாங்காத மனதும் பாதுகாப்பான தூரமும் ஒன்றாக இருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் இருந்தால், உங்களைக் காப்பாற்றக்கூடியவர்களிடம், சட்டத்திடமும்கூட, இன்றைக்கே சொல்லுங்கள்.

கோடு போட்ட பிறகும் வலி திரும்பத் திரும்ப வரும். எனக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் அதிகமாக வரும். மன்னிக்கவில்லையோ என்று பயப்படாதீர்கள். ஏழெழுபதுதரம் என்று ஆண்டவர் சொன்னதை, ஒருவர் செய்யும் 490 தப்பிதங்களுக்கு என்று நினைத்திருந்தேன். ஒரே தப்பிதத்தை அத்தனை முறை மன்னிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நட்சத்திரங்களில் தொடங்கி, அந்தக் கோட்டுக்கு வந்து நிற்கிறேன்.

போன மாதம் கூட்டத்துக்கு முன்னால் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த அக்காவிடம் போனேன். “வாசிக்கிறதுக்கு முன்னால் ஒருதரம் பார்த்துக் கொடுங்கள் அக்கா” என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டி, வரிவரியாக விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டல் தவறியிருந்தது. பென்சிலால் சின்னதாக வட்டம் போட்டு, “இதை மட்டும் பாரும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.