குடோன் வேலைக்குப் புதுசா? மூட்டை தூக்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

பாரிமுனையிலோ கோயம்பேட்டிலோ லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது அஞ்சு நிமிஷம் நின்று பாருங்கள். மேலே இருப்பவர் மூட்டையை விளிம்புக்கு நகர்த்தித் தருவார், கீழே இருப்பவர் முதுகைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நடந்துவிடுவார். பழகிய லோடுமேன் முடிந்தவரை தரையிலிருந்து தூக்க மாட்டார். புதுசா வருகிற பையன்தான் குனிந்து தூக்குவான்.

அதனால் முதல் வேலை, சரக்கைத் தரையில் போடாமல் இருப்பது. மரப் பலகை அடுக்கியோ ஸ்டாண்ட் போட்டோ, கனமானவற்றை இடுப்பு உயரத்தில் வையுங்கள். முதலாளி இடமில்லை என்பார், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து எடை. ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அமெரிக்காவின் நியோஷ் என்ற பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, உடம்பை ஒட்டி, நல்ல உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்கினால்கூட உச்ச வரம்பு 23 கிலோதான். 20 லிட்டர் தண்ணீர் கேன் அதற்குள் அடங்கிவிடும். சிமென்ட் மூட்டை 50 கிலோ, இரண்டு பேர் பிடித்தாலும் ஆளுக்கு 25 கிலோ வரும், அதனால் ட்ராலிதான், பேச்சே இல்லை.

போகிற வழியையும் பாருங்கள். சணல் கயிறு, ஈரச் சாக்கு, வாசல்படி எல்லாம் சுமையோடு வரும்போது கண்ணில் படாது. ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

தரையிலிருந்து எடுத்தே ஆகவேண்டுமென்றால், கால்களை அகட்டி ஒன்றைச் சற்று முன்னால் வைத்து, முழங்காலையும் இடுப்பையும் மடக்கி இறங்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். கையை நீட்டிப் பிடித்தால் அதே மூட்டை கீழ்முதுகை அதிகமாக அழுத்தும், ஏனென்றால் எடை தள்ளிப் போகப் போக அதைத் தாங்க முதுகுத் தசை அவ்வளவு இழுக்க வேண்டும், அந்த இழுப்பு மொத்தமும் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் மேல்தான் இறங்கும். திரும்பணுமா, இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இறக்கி வைக்கும்போதும் இதே முறைதான், அங்கேதான் அவசரப்படுவோம்.

இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். அப்புறம் இந்த இடுப்பு பெல்ட்: ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று நியோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. அந்தக் காசில் ஷூ வாங்குங்கள்.

வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் அடக்க முடியவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.