ஓடையில் மீனைக் கலைப்பது கால்தான்: ஸ்மால்மவுத் பாஸ் பிடிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட வர்ஜீனியாவில் குடியேறிய தமிழர்களில் சிலர் அண்மைக் காலமாகத் தூண்டிலும் கையுமாகச் சிற்றோடைகளில் இறங்கி வருகிறார்கள். லௌடன் கவுண்டியின் கூஸ் கிரீக்கிலும் ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் சிடார் கிரீக்கிலும் கோடைக் காலை நேரத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்கள் மீனின்றித் திரும்புவதற்கான காரணங்கள், நான் தொடங்கிய காலத்தில் எனக்கிருந்த காரணங்களாகவே இருப்பதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

முடிச்சு அவிழ்வது, உரிமம் எடுக்க மறப்பது, தூண்டில் நரம்பு மரக்கிளையில் சிக்கிக்கொள்வது போன்றவற்றை ஒருமுறை பட்டுவிட்டால் எவரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். ஆகையால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல விரும்புவது கால்களைப் பற்றி. படகில் இருந்தோ ஏரிக்கரையில் இருந்தோ மீன் பிடிப்பவர்களுக்குக் கை வந்தால் போதும். முழங்கால் அளவு நீரில் நடந்து மீன் பிடிப்பவர்களோ, கைத்தவறால் இழக்கும் மீன்களைவிடக் கால்தவறால் இழக்கும் மீன்களே பல மடங்கு அதிகம்.

இந்த மீனின் இயல்பையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஸ்மால்மவுத் பாஸ் போட்டோமாக் ஆற்று வடிநிலத்துக்கு வந்தேறிய மீன். 1854-இல் ஒஹாயோ வடிநிலத்திலிருந்து ரயில் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்டு, மேரிலாந்தின் கம்பர்லாந்து அருகே விடப்பட்டது. பாறையும் கூழாங்கல்லும் நல்ல ஓட்டமும் உள்ள தெளிந்த நீர் அதற்கு உகந்தது என்பதால், இப்பகுதியின் கிளை ஓடைகளில் அது வெகு இயல்பாகக் குடியேறிவிட்டது. நீரின் அந்தத் தெளிவுதான் நம் காலடியைக் காட்டிக்கொடுக்கிறது.

ஓட்டத்தோடு கீழ்நோக்கி நடப்பது

ஓடையில் நிற்கும் மீன், இரை வரும் திசையான மேல்நீரை நோக்கியே தலை வைத்து நிற்கும். நாம் மேலிருந்து கீழே நடந்தால் அதன் முகத்துக்கு நேராக நடக்கிறோம். காலில் கிளம்பும் வண்டலும் நமக்கு முன்னே ஓடிச் சென்று அதை அடைகிறது. கீழிருந்து மேலே நடங்கள். அப்போது மீனின் பின்புறமாக நெருங்குவீர்கள், கலங்கிய நீரும் உங்களுக்குப் பின்னே போய்விடும். ஓட்டத்தை எதிர்த்து நடப்பதில் தொடை வலிக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் வேறு வழி இல்லை.

மடுவின் கடையில் கால் வைப்பது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆகையால் இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

சிற்றோடை என்பது ஆழமில்லாத சலசலப்பும் ஆழமான மடுவும் மாறி மாறி வரும் ஒரு தொடர். சலசலத்து இறங்கும் நீர் மடுவுக்குள் விழும் இடம் மடுவின் தலை, நடுவில் ஆழம், பிறகு தரை மெல்ல உயர்ந்து, நீர் ஒரு கண்ணாடித் தகடு போல மெலிந்து, அடுத்த சலசலப்புக்குள் வழியும் இடம் மடுவின் கடை. கீழிருந்து மேலே நடந்து வருபவர் முதலில் சந்திப்பது இந்தக் கடைப்பகுதியைத்தான். முழங்கால் அளவுகூட இல்லாத நீர், அடியில் பரல் கற்கள், ஓரத்தில் நீர்வில்லோ செடிப் புதர். இதில் மீன் எங்கே இருக்கப்போகிறது என்று புதியவர் நினைக்கிறார். நடுவில் கருத்துத் தெரியும் ஆழத்தின் மீதே அவருடைய கண் இருக்கிறது. அந்த ஆழத்தை எட்டும் தூரத்துக்குப் போவதற்காகக் கடைப்பகுதியைப் பாதையாக எண்ணி விறுவிறுவென்று நடந்துவிடுகிறார்.

பசித்த ஸ்மால்மவுத் பாஸ் நிற்கும் இடமே அந்தக் கடைதான். விடியலிலும் அந்தியிலும், மேகம் மூடிய நாட்களில் நடுப்பகலிலும்கூட, ஆழத்தில் ஓய்வெடுத்த மீன்கள் கடைக்கு இறங்கி வருகின்றன. மடு முழுவதும் பரந்து ஓடிய நீர் அங்கே ஒடுங்குவதால், அது சுமந்து வரும் இரையும் அங்கே குவிகிறது. சிறு மீன்களுக்குத் தப்பிக்க ஆழம் கிடையாது. கற்களுக்கு அடியிலிருந்து கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி இறால் வெளியே ஊர்ந்து வரும். ஓடை வாழ் ஸ்மால்மவுத் பாஸுக்கு இந்தக் கிரேஃபிஷைவிடப் பிடித்த உணவு ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

கடையில் நிற்கும் ஒரே ஒரு மீனைக் கலைத்துவிட்டால் இழப்பு அந்த ஒன்றோடு நின்றுவிடுவதில்லை. அது மேல்நோக்கி, அதாவது மடுவின் ஆழத்துக்குள்தான் பாயும். அது பாய்வதைப் பார்த்துச் சிறு மீன் கூட்டம் சிதறும். அந்தச் சிதறலைப் பார்த்து நடுவில் உள்ள மற்ற மீன்களும் பாறையிடுக்குக்குள் ஒதுங்கிவிடும். நீங்கள் முதல் வீச்சு வீசும்போதே அந்த மடு முடிந்துபோயிருக்கும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்தால் ஒழிய அங்கே நல்ல மீன் எதுவும் வாய் திறக்காது. ஒரு காலைப் பொழுதில் நாம் கடக்கும் மடுக்களே மிகச் சிலதான் என்னும்போது, ஒவ்வொன்றையும் இப்படித் தொலைத்துக்கொண்டே போவது எவ்வளவு பெரிய வீண் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு ஆகஸ்ட் காலையில் கூஸ் கிரீக்கில் இரண்டு இளைஞர்கள் எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தார்கள். தரமான தூண்டில் கோல்கள், புத்தம் புதிய காலணிகள், ஆளுக்கு ஒரு பெட்டி நிறைய இரை என்று எல்லா ஏற்பாட்டோடும் வந்திருந்தார்கள். மழையில்லாத வாரங்களால் நீர் வற்றி, அடியில் உள்ள ஒவ்வொரு கல்லும் எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. நான் கரை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடக்கரையை ஒட்டி, செடிப் புதரின் நிழலில், பழுப்பு நிற முதுகோடு ஒரு மீன் செவுளை மட்டும் அசைத்தபடி நின்றது. ஏறக்குறைய 15 அங்குலம் இருக்கும். ஓடையில் ஒரு ஸ்மால்மவுத் பாஸ் 12 அங்குலத்தை எட்டவே நான்கைந்து ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதால், அது அந்த ஓடையின் மூத்த மீன்களில் ஒன்று. முதல் இளைஞரின் கால் கடைப்பகுதியின் பரலில் நறுக்கென்று பதிந்தது. மீனின் செவுள் அசைவு ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் அந்த இடத்தில் புகைபோல ஒரு வண்டல் சுருள் மட்டுமே இருந்தது. அவர்கள் அதைக் காணவே இல்லை. அதே புதரைக் கடந்து நடந்து, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, நடு ஆழத்துக்குள் மாறி மாறி வீசிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரம் கழித்து என்னைக் கண்ட, அவர்களில் மூத்தவர், “இந்த ஓடையில் மீனே கிடையாது போலிருக்கிறதே, அண்ணா” என்றார். “நீங்கள் நடந்து வந்த இடத்தில்தான் தம்பி இருந்தது” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தது நடு ஆழத்தைத்தான்.

நீர் சத்தத்தைக் கடத்தும் விதம் தெரிந்தால் இதன் தீவிரம் புரியும். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் செல்கிறது. கரையில் நாம் பேசும் பேச்சு பெரும்பாலும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் கல்லோடு கல் உரசும் ஓசை நீருக்குள்ளேயே பிறப்பதால் முழு வலுவோடு மீனை அடைகிறது. அது போதாதென்று, மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் மிக நுண்ணிய அசைவையும் அழுத்த மாற்றத்தையும் கண்டுகொள்கிறது. அமைதியான நீரில் வேகமாக நடப்பவரின் கால் முன்னே தள்ளும் சிற்றலைகள், அவர் வருவதை அவருக்கு முன்பே அறிவித்துவிடும்.

இதற்கு மாற்று இதுதான். கடைக்குக் கீழே உள்ள சலசலப்பிலேயே, கடையிலிருந்து 30 அடி முன்னதாக நின்றுவிடுங்கள். சலசலப்பின் இரைச்சல் உங்கள் காலோசையை மறைத்துவிடும். உடனே வீசாமல் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று கடையின் பரல் முழுவதையும் கண்ணால் தடவிப் பாருங்கள். முதல் வீச்சு உங்களுக்கு மிக அருகில் உள்ள நீரில் விழட்டும். அடுத்தது இரண்டு ஓரங்களிலும். அதன் பிறகே சிறிது சிறிதாக மேலே. இப்படிக் கடை முழுவதையும் துழாவிய பின்னரே ஓர் அடி எடுத்து வையுங்கள். அந்த அடியும் நுனிக்கால் முதலில் பதிந்து, கல்லின் உறுதியைத் தடவி அறிந்து, பிறகு உடல் எடையை ஏற்பதாக இருக்க வேண்டும். ஒரு மடுவைக் கடக்க அரை மணி ஆனால் நீங்கள் சரியான வேகத்தில் நடக்கிறீர்கள் என்று பொருள்.

நெட்டையாக நிற்பது

நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கித் தெரிகிறது. ஒளிவிலகலால் அந்தக் கூம்பின் விளிம்பை ஒட்டிய உருவங்கள் நசுங்கி மங்கிப்போகும். நீர்ப்பரப்பிலிருந்து 10 பாகைக்கும் தாழ்வான கோணத்தில் உள்ளவை ஏறக்குறைய தெரியாமலே போய்விடும். 6 அடி உயரமுள்ளவர் சலசலப்பின் கணுக்கால் நீரில் நிமிர்ந்து நின்றால், இந்த மறைவு கிடைக்க அவர் சுமார் 34 அடி தள்ளி நிற்க வேண்டும். அவரே உயரம் 3 அடியாகும்படி மண்டியிட்டாலோ இடுப்பளவு நீரில் நின்றாலோ 17 அடி போதும். குனிய வெட்கப்படாதீர்கள். சூரியனும் உங்கள் முதுகுப்புறம் இருந்தால், உங்களுக்கு முன்னே நீளும் நிழலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர்ப்பரப்பின் பளபளப்பை நீக்கிக் காட்டும் போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் இறங்குவது

இறங்க வேண்டாம்.

கம்பள அடிப்பாகக் காலணி

பாசி படிந்த கல்லில் ஃபெல்ட் என்னும் கம்பள அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது ஈரத்தை நாட்கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்வதால், டிடிமோ போன்ற பாசிகளை ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து செல்கிறது. மேரிலாந்து 2011 முதல் ஃபெல்ட் அடிப்பாகத்தைத் தடை செய்துள்ளது. போட்டோமாக்கின் இரு கரைகளிலும் மீன் பிடிப்பவர்கள் ரப்பர் அடிப்பாகத்தையே வாங்குவது நல்லது.

கனமான ஈயம்

ஏரிக்கு வாங்கிய, கால் அவுன்ஸ் ஈயத்தலை கொண்ட முள்ளை ஓடையில் போட்டால் அது விழும் ஓசையே மீனைக் கலைத்துவிடும். விழுந்த பிறகு கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க நீங்கள் மடுவுக்குள் நடந்து போவீர்கள். மறுபடியும் கால்தான். ஓர் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.8 கிராம் எடையுள்ள முள்ளில், கிரேஃபிஷ் நிறத்தில் 3 அங்குல ரப்பர் இரையைக் கோத்து, 6 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் வீசுங்கள். ஓட்டம் கூடுதலான இடத்தில் 3.5 கிராம் வரை போகலாம். முள் மாட்டிக்கொண்டால், கடையை முழுவதும் துழாவி முடிக்காத நிலையில், நரம்பை அறுத்துவிடுவதே சரி. ஒரு முள்ளின் விலைக்கு ஒரு மடுவை விற்காதீர்கள்.

வசந்தத்தில் கூட்டை மிதிப்பது

நீரின் வெப்பம் 60 பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 15.5 செல்சியஸை நெருங்கும்போது ஆண் மீன், ஓட்டம் தணிந்த ஓர் இடத்தில், பெரும்பாலும் ஒரு பாறையையோ கட்டையையோ அண்டி, வாலால் வண்டலைப் பெருக்கி வட்டமான கூடு அமைக்கிறது. சுற்றியுள்ள தரையைவிட வெளிறிய, துடைத்துவிட்டது போன்ற பரல் வட்டம் தெரிந்தால் அது கூடு என்று அறிந்துகொள்ளுங்கள். பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகு, குஞ்சுகள் கலைந்து செல்லும்வரை ஆண் மீன்தான் காவல். அதைப் பிடித்துக் கையில் வைத்துப் படம் எடுக்கும் சில நிமிடங்களுக்குள், காத்திருக்கும் சன்ஃபிஷ் என்னும் சிறு மீன்களும் கிரேஃபிஷ்களும் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடலாம். பிடித்ததை உயிரோடு விட்டுவிட்டேன் என்று சொல்வதில் அப்போது பொருளில்லை. பென்சில்வேனியாவில், கண்ணுக்குத் தெரியும் கூட்டின் மீது மீண்டும் மீண்டும் வீசுவது சட்டப்படியே குற்றம். சட்டம் சொல்லாத இடத்திலும் மே மாதத்தில் ஓரநீரில் நடக்காமல் கரைமேல் ஏறிச் சுற்றிப் போங்கள். வசந்த வெள்ளம் ஒன்று வந்தாலே அந்த ஆண்டின் குஞ்சுகள் பெருமளவு அழிந்துபோகும் ஓடைகள் இவை. நம் காலும் அதோடு சேர வேண்டியதில்லை.

நீர்மட்டம் பாராமல் கிளம்புவது

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம், லீஸ்பர்க் அருகே கூஸ் கிரீக்கிலும் வின்செஸ்டர் அருகே சிடார் கிரீக்கிலும் நீரளவைக் கருவிகளை நிறுவி, அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறது. வீட்டு வாசலில் மழை இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு மேலே மலைச்சரிவில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து வந்து சேரும். இணையத்தில் உள்ள நீர்மட்ட வரைபடத்தில் கோடு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் இறங்கக் கூடாது. நீர் இறங்கிக்கொண்டு, நிறம் மட்டும் இளம் பச்சையாக மங்கியிருக்கும் நாள்தான் நடக்க மிக ஏற்றது. அந்த மங்கலில் மீனுக்கு உங்கள் உருவமும் தெளிவாகத் தெரியாது.

யாருடைய தரையில் நடக்கிறோம் என்று கேட்காதது

நீரில் நின்றால் யாரும் கேட்க முடியாது என்று பலரும் நம்புகிறார்கள். வர்ஜீனியாவில் இது தவறு. சிற்றோடைகளின் அடித்தரை பெரும்பாலும் கரைநிலக்காரருக்கே சொந்தம். பிரிட்டிஷ் மன்னராட்சிக் காலத்தில் வழங்கப்பட்ட நிலப்பட்டாக்களின் அடிப்படையில், ஜாக்சன் ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமை கரைநிலக்காரருக்கே உரியது என்று 1996-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பாலத்தடியில் இறங்கி மேலே நடப்பதற்கு முன், கவுண்டியின் நில வரைபடத்தைப் பார்த்துவிட்டு, தனியார் நிலமாக இருந்தால் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. மேல்மடு எங்கே ஆழம், எந்தக் கல் ஆடும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள்.